மூக்குத்தியில் வைத்த ஃபோகஸ்

சோழபுரத்துக் குருவையா வீட்டுக்கு வேல்பாண்டி சீரோடு வந்தவன். இன்றைக்கும் அந்தத் தெருவில் அப்படித்தான் சொல்வார்கள். கான்சாபுரத்தில் தாயும் தகப்பனும் ஒருவர் பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. மூத்தவள் வெங்கடேஸ்வரிதான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு களை எடுக்கப் போனாள். அவளைப் பெண் கேட்டு சோழபுரத்திலிருந்து ஆள் வந்தபோது, "தம்பிக்காரனை எங்க விடுறதா உத்தேசம்?" என்று கேட்டார்கள். உள்ளே இருந்தபடியே அவள், "நான் போற வீட்டுக்கு அவனும் வருவான். சம்மதம்னா பூ வைங்க, இல்லன்னா பூவை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள். அதைக் கேட்ட மாப்பிள்ளை குருவையா சிரித்துவிட்டார். பூ வைத்தாயிற்று. பித்தளைக் குடம், குத்துவிளக்கு, ஆட்டுரல், ஓரத்தில் ஒரு தம்பி என்று வண்டி சோழபுரம் வந்து சேர்ந்தது.

குருவையா மச்சினனைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மனிதர். பத்தாவதில் தவறிப்போய் வந்து நின்றவனை ராஜபாளையத்தில் ஒரு ஸ்டுடியோவில் சேர்த்துவிட்டதும் அவர்தான். அதே மனிதர் ஒரு ஐப்பசியில் நெல்லுக்குத் தண்ணீர் கட்டப் போய், வரப்பில் பாம்பு தீண்டி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அடங்கிவிட்டார். வெகுநாள் கழித்துப் பிறந்த மகன் பாண்டிதுரைக்கு அப்போது மீசை அரும்பவில்லை. அன்றைக்கு நெற்றியை அழித்தவள்தான் வெங்கடேஸ்வரி. அதற்குப் பிறகு ஊரில் எந்த விசேஷ வீட்டிலும் அவளை அடுப்படியில்தான் பார்க்கலாம். யாரும் அவளை முன்னால் வராதே என்று சொன்னதில்லை. சொல்ல வேண்டிய தேவையை அவள் யாருக்கும் வைக்கவில்லை.

வேல்பாண்டி ராஜபாளையத்திலேயே பஞ்சு மார்க்கெட் பக்கம் சொந்தமாகக் கடை போட்டு வருஷங்கள் ஓடிவிட்டன. ஃபிலிம் காலத்தில் எல்லாம் கையால்தான். லென்ஸ் கண்ணாடியைச் சுற்றி இருக்கிற வளையத்தை இடதுகையால் திருப்பித் திருப்பி, மங்கலாகத் தெரிகிற முகம் பளிச்சென்று வருகிற இடத்தில் நிறுத்தி, மூச்சைப் பிடித்து அமுக்க வேண்டும். பிறகு டிஜிட்டல் வந்தது. பட்டனைப் பாதி அமுக்கினால் போதும். கண்ணாடி தானே முன்னும் பின்னும் ஓடி ஆளைப் பிடித்துக்கொண்டு 'பீப்' என்று சொல்லும். மீதிப் பாதியை அமுக்கினால் படம். வேல்பாண்டிக்கு அது வாய்த்தது நல்லதாகப் போயிற்று. வயது ஐம்பதை எட்டிப் பார்க்கிறது, வெள்ளெழுத்தும் வந்துவிட்டது.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் அதை அவன் நம்புவதில்லை. தாலி கட்டுகிற நேரம். கெட்டிமேளம் கொட்டியதும் சனம் மொத்தமும் எழுந்து அரிசியும் பூவும் வீசும். கேமராவுக்குப் பெண் யார், பூ யார் என்று தெரியாது. குறுக்கே எது வந்தாலும் அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கல்யாணத்தில் அப்படித்தான் ஆயிற்று. ஒரு சாமந்திப்பூ அந்தரத்தில் நிற்கிறது, இதழ் இதழாக எண்ணிவிடலாம். பின்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் மார்கழிப் பனிக்குள் நிற்கிறார்கள். ஆல்பத்தைப் பார்த்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், "ஏம்ப்பா, சாமந்திக்கா தாலி கட்டுனோம்?" என்று கேட்டார். கேட்டவர் சிரித்தார். வேல்பாண்டிக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்து தாலி நேரத்துக்கு மட்டும் அவன் ஒரு ஏற்பாடு வைத்திருந்தான். முகூர்த்தத்துக்கு முன்பே பெண்ணை மணைப்பலகையில் உட்காரவைப்பான். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்துவான். பின்பக்கத் திரையில் பெண்ணின் முகத்தைப் பெரிதாக்கி, பக்கவாட்டு விசையை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்குத் தள்ளி, மூக்குத்திக் கல் மினுங்குகிற அளவுக்கு வளையத்தைத் திருப்புவான். திருப்பியதும் வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப். அதன் பிறகு பூ வந்தாலும் அரிசி வந்தாலும் அது அசையாது. வைத்த தூரத்திலேயே நிற்கும்.

பாண்டிதுரை பட்டாளத்தில் சேர்ந்தான். வடக்கே, பனி கொட்டுகிற எல்லையில் வேலை. அவனுக்கு சுந்தரபாண்டியத்துச் சின்னக்கருப்பன் மகள் ஆனந்தவல்லியைப் பேசி முடித்தார்கள். சோழபுரத்துக்கும் சுந்தரபாண்டியத்துக்கும் நடுவாந்திரமாக ஸ்ரீவில்லிபுத்தூரில், ரத வீதியை ஒட்டிய ஒரு சின்ன மண்டபத்தில் கல்யாணம். பையனுக்கு லீவு கொஞ்சம்தான். கல்யாணம் முடிந்த மறுநாளே ரயில் ஏற வேண்டும்.

பந்தக்கால் நட்ட அன்று சாயங்காலம் வெங்கடேஸ்வரி தம்பியைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டாள். கையில் பாதி அரிந்த வெங்காயம்.

"ஏலே வேலு. ஒன்னு கேப்பேன், செய்வியா?"

"என்னக்கா பீடிகை பலமா இருக்கு?"

"தாலி கட்டுறப்ப நான் முன்னால நிக்க ஏலாது. அது ஒனக்கே தெரியும். நீ அதைப் படம் புடிச்சு எனக்குக் காட்டிரு. பளிச்சுனு இருக்கணும். எம்புள்ள வெரலு, சரடு, அந்தப் புள்ள மொகம், எல்லாம் தெரியணும். ஊராருக்கு எடுக்குறாப்ல எடுத்துராத."

"நீ ஏன் நிக்க ஏலாது? நில்லு. எவன் கேக்கான்னு பாத்துருவோம்."

"எவனும் கேக்க மாட்டான். எனக்கே மனசு கேக்காது. எல்லையில நிக்கிற புள்ள. என் மூஞ்சியில முழிச்சுத் தாலி கட்டி, நாளைக்கு ஒன்னு கெடக்க ஒன்னு ஆச்சுன்னா? வேணாம்யா. நீ எடுத்துக் காட்டு, அது போதும்."

வெங்காயத்தின் மேல் பழி போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வேல்பாண்டி சரி என்றான். பிறந்ததிலிருந்து அக்காள் அவனிடம் கேட்டது இது ஒன்றுதான்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. குருவையா இல்லாததால் தகப்பன் இடத்தில் நின்று செய்ய வேண்டியது தாய்மாமன். தாலித்தட்டைச் சபையில் எடுத்துக்கொண்டு போய் பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்ட பிறகு, மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டியதும் அவனே. மாமன் கையில் தட்டு இருந்தால் கேமரா யார் கையில்? கடைக்கு அடுத்த கதவில் ஆல்பம் டிசைன் செய்கிற ஹெப்சிபாவைக் கூப்பிட்டான். கம்ப்யூட்டரில் கை தேர்ந்தவள். கேமராவும் ஓரளவு தெரியும்.

"ஒனக்கு வேலையே இல்லம்மா. எல்லாம் வச்சுக் குடுத்துருவேன். கெட்டிமேளம் கேட்டதும் அமுக்கு. அமுக்கிக்கிட்டே இரு. வளையத்தை மட்டும் தொட்டுராத, சாமி சத்தியமா தொட்டுராத."

"தொட மாட்டேண்ணே. டேப்பே ஒட்டியிருக்கீங்க, அப்புறம் நான் எங்க தொட?"

கல்யாணப்பெண் வேறு ஒரு யோசனை சொன்னாள். ஆனந்தவல்லி சிவகாசியில் காலேஜ் படித்தவள். ஃபோனில் இரண்டு மூன்று படங்களைக் காட்டி, "மாமா, நாங்க மட்டும் தெளிவா இருக்கணும். பின்னாடி எல்லாம் பூசுன மாதிரி மங்கலா போயிரணும். இப்ப எல்லாரும் அப்படித்தான் எடுக்காங்க" என்றாள். அதற்கு லென்ஸின் வாயை அகலத் திறக்க வேண்டும். திறந்தால் தெளிவு என்பது ஒரு சாண் தூரத்துக்குத்தான் நிற்கும். அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் கரைந்துவிடும். "ஆகட்டும்த்தா" என்றான் வேல்பாண்டி.

கல்யாணத்தன்று காலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பெண்வீட்டார் கோயிலிலிருந்து ஆண்டாள் சூடிய மாலையை வாங்கி வந்திருந்தார்கள். மண்டபமே துளசி மணந்தது. வேல்பாண்டி பெண்ணை உட்காரவைத்து, மூக்குத்தியில் ஃபோகஸ் வைத்து, டேப் ஒட்டினான். திரையில் இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தான். கல் ஊசி முனையாக நின்றது. பிறகு சட்டையை மாற்றி, பட்டுத்துண்டைக் கட்டிக்கொண்டு, தாய்மாமன் ஆனான்.

தட்டை எடுத்துக்கொண்டு சபையில் இறங்கினான். தேங்காய் மேல் மஞ்சள் சரடில் தாலி. ஒவ்வொருவராகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். குருவையாவின் அண்ணன் சங்கையா முன்வரிசையில் இருந்தார். போலீசில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்தால் நாற்காலி தெரியாது. "தம்பி இல்லாத கொறைய நீ தீத்துட்ட மாப்ள" என்று சொல்லித் தாலியைத் தொட்டார்.

சுற்றி முடித்து மேடைக்கு ஏறுகிற படியில், சமையல்கட்டுக்குப் போகிற வழியில், தூணை ஒட்டி அக்காள் நின்றாள். வெளுத்த நீலச்சேலை. வேல்பாண்டியின் கால் தானாக நின்றது. தட்டு அவளுக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. பெற்றவள் தொடாத தாலி எந்த ஊர்த் தாலி என்று அவனுக்குள் ஒன்று சொன்னது. நீட்டிவிடலாம். ஒரு நொடிதான். அதற்குள் சபை முழுக்கத் தன் முதுகைப் பார்ப்பதாக அவனுக்குத் தோன்றியது. பின்னால் யாரோ இருமினார்கள். வெங்கடேஸ்வரி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, போ என்று கண்ணால் சொன்னாள்.

அவன் போனான்.

மேடையில் ஏறியபோது அவன் நெஞ்சுக்குள் அந்தத் தட்டு கனத்தது. மணவறையில் பெண்ணும் மாப்பிள்ளையும் பின்திரையை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். தூணிலிருந்து பார்த்தால் திரையின் ஓரம்தான் தெரியும். அக்காளுக்கு மகனின் முழங்கைகூடத் தெரியாது. வேல்பாண்டிக்கு அப்போது ஒரு எண்ணம் ஓடியது. இவர்களைக் கொஞ்சம் முன்னால் இழுத்தால் திரைக்கும் இவர்களுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் கிடைக்கும். முடிச்சு விழுவது கழுத்துக்குப் பின்னால்தானே. சனம் எழுந்து பூ வீசுகிற அமளியில் பின்னால் நின்றால் யார் கண்ணிலும் படாமல் அவள் அதைப் பார்த்துவிடலாம்.

"மாப்ள, செத்த முன்னால வாங்க. நீயும் வாம்மா" என்று மணைப்பலகையைப் பிடித்து இழுத்தான்.

"ஏன் மாப்ள?" என்றார் சங்கையா கீழே இருந்து.

"பின்னால உள்ள விளக்கு பட்டுச்சேலையில பட்டுரும் போலருக்கு அத்தான்."

சொன்ன பொய் எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. பலகை ஒரு கை நீளம் முன்னால் வந்தது. வேல்பாண்டி தூண் பக்கம் பார்த்துத் தலையை அசைத்தான். அவள் வரவில்லை. மறுபடி அசைத்தான். ஐயர் மந்திரத்தை முடித்துக் கையைத் தூக்கினார். வேல்பாண்டி தாலியை எடுத்து மருமகன் கையில் கொடுத்தான். கெட்டிமேளம் இடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். அரிசியும் பூவும் மழையாக விழுந்தன. அந்த இரைச்சலில் வெங்கடேஸ்வரி தூணை விட்டு ஓரடி எடுத்தாள், இன்னோரடி எடுத்தாள், திரைக்கு முன்னால் வந்து நின்றாள்.

அந்த நேரத்தில் வேல்பாண்டி தாய்மாமனாக மட்டுமே இருந்தான். கேமரா என்ற ஒன்று உலகத்தில் இருப்பதையே மறந்துவிட்டான். எதிரே ஹெப்சிபா அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

பந்தி ஆரம்பித்த பிறகுதான் கேமராவைக் கையில் வாங்கினான். சின்னத் திரையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. பழக்கத்தில் மூக்குத்தியைத் தேடிப் பெரிதாக்கினான். மூக்குத்தி இல்லை. மூக்கே இல்லை. ஆனந்தவல்லியின் முகம் தண்ணீரில் விழுந்த கோலம் மாதிரி இருந்தது. பாண்டிதுரையின் விரல்கள் ஒன்றோடொன்று கலந்து போயிருந்தன. அடுத்த படம். அதற்கடுத்தது. எல்லாம் அதே. படத்தை மெல்ல மேலே நகர்த்தினான். இரண்டு தலைகளுக்கும் நடுவில், பின்னால், ஒரு முகம். நரைத்த புருவம், கன்னத்தில் பழைய அம்மைத் தழும்பு, வாய் லேசாகத் திறந்து, கண்ணில் முட்டி நிற்கிற தண்ணீர். ஒவ்வோர் இமை முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. முதலில் பெண்ணும் மாப்பிள்ளையும் இருந்த இடத்தில் போய் அவள் நின்றிருந்தாள். டேப் ஒட்டிய வளையம் வைத்த இடத்தை விட்டு அசையவில்லை.

"எப்சி, அவங்க முன்னால நகந்தத நீ பாக்கலையா?"

"பாத்தேண்ணே. நகந்துட்டாங்களேன்னு நெனச்சேன். நீங்க சத்தியம் வாங்கியிருந்தீங்களே, எப்படித் தொட?"

அவனால் அவளைத் திட்ட முடியவில்லை. நகர்த்தியவன் அவன்.

மற்றவர்கள் எடுத்ததைக் கேட்டுப் பார்த்தான். மண்டபத்தில் ஃபோன் இல்லாத கை இல்லை. ஒரு ஃபோனில் இன்னொரு ஃபோன் இருந்தது. அந்த ஃபோனில் யாரோ ஒருத்தியின் கனகாம்பரக் கொண்டை. பெண்வீட்டார் வைத்த வீடியோக்காரர் தலையைச் சொறிந்தார். தாலி கட்டுகிற நேரம் முழுவதும் அவருடைய வீடியோவில் இருந்தது, அரிசி போட எழுந்த சங்கையாவின் முதுகு.

"நான் என்னப்பா செய்ய? ஆசீர்வாதம் பண்ணாம உக்காந்துக்கிட்டா இருக்க முடியும்?" என்றார் சங்கையா.

வேல்பாண்டி தயங்கித் தயங்கிக் கேட்டுப் பார்த்தான். "படம் சரியா விழல. இன்னொரு தடவ கட்டுற மாதிரி கைய மட்டும் வச்சா..."

"ஏலே, கட்டுன தாலியில மறுபடி கை வைக்கவா? வெளையாட்டா ஒனக்கு?" சங்கையா இலையை விட்டு எழுந்தேவிட்டார். பெண்ணின் தகப்பன் சின்னக்கருப்பன் சாந்தமான ஆள். "அப்படி என்ன அண்ணாச்சி ஆயிட்டு, காட்டுங்க பாப்போம்" என்றார். வேல்பாண்டி பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்லப் பார்த்தான். அதற்குள் திரை பளபளத்து அவனைக் காட்டிக்கொடுத்தது. சின்னக்கருப்பன் எட்டிப் பார்த்து, "நல்லாத்தான இருக்கு" என்றார். அவர் மனைவி இருளம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது சம்பந்தியம்மாதான?" என்றாள். "தாலி கட்டையில பின்னாடியேவா நின்னாவ?"

கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்துகொள்வதற்குக் கேட்ட மாதிரிதான் கேட்டாள். ஆனால் பக்கத்து இலைகளில் பேச்சு நின்றுபோயிற்று. சாம்பார் வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்த வெங்கடேஸ்வரி அப்படியே திரும்பி உள்ளே போனாள்.

மறுநாள் பாண்டிதுரை ரயிலேறினான். பெண் சுந்தரபாண்டியத்துக்கும் சோழபுரத்துக்குமாக இருந்தாள்.

வேல்பாண்டி ஹெப்சிபாவின் கடையிலேயே கிடந்தான். ஏதாவது செய், எதையாவது செய் என்றான். அவளும் தெரிந்ததை எல்லாம் செய்து பார்த்தாள். புதிதாக வந்த ஒரு சாஃப்ட்வேரில் போட்டு மங்கலைத் தெளிவாக்கினாள். முகம் வந்தது. ஆனால் யாரோ முகம். மாப்பிள்ளைக்குச் சோப்பு விளம்பரத்து மூக்கு. ஆனந்தவல்லிக்கு மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு மச்சம்.

"இவன் நம்ம பாண்டிதுரையா?" என்றான் வேல்பாண்டி.

"இல்லண்ணே. அது தானா யூகிச்சுப் போடுது. தெளிவா இருக்குறத மங்கலாக்கச் சொல்லுங்க, கண்ண மூடிக்கிட்டுச் செஞ்சிருவேன். மங்கலா விழுந்ததத் தெளிவாக்க யாரால முடியும்?"

ஒரு மத்தியானம் வெங்கடேஸ்வரி பஸ் பிடித்து வந்து நின்றாள். கையில் தூக்குவாளி. தம்பிக்குக் குழம்பு.

"எங்கல, காட்டு."

"என்னத்தக்கா?"

"தாலி கட்டுனத. காட்டுதேன்னு சொன்னீல்ல."

வேல்பாண்டி ஹெப்சிபாவைப் பார்த்தான். ஹெப்சிபா மேசையைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் படத்தைப் பெரிய மானிட்டரில் கொண்டுவந்தார்கள். வெங்கடேஸ்வரி கிட்டப் போனாள். முதலில் மகனைத் தேடினாள். அந்த மங்கலுக்குள் விரலால் தடவிப் பார்த்தாள், தூசியாக இருக்குமோ என்று முந்தானையால் துடைத்தும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தவள் தன் முகத்தைப் பார்த்துவிட்டாள். நெருப்பைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் எதுக்குலே இதுல?"

வேல்பாண்டி எல்லாவற்றையும் சொன்னான். பலகையை இழுத்ததை, எதற்காக இழுத்தான் என்பதை, டேப்பை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் அவன் ஒரு பிடிமானம் தேடுகிறவனாக, "படம் போனாப் போகுதுக்கா. நீ பின்னாலதான நின்ன. முடிச்சுப் போட்டதக் கண்ணால பாத்தீல்ல? எனக்கு அது போதும்" என்றான்.

"எங்கல பாத்தேன்?" என்றாள் வெங்கடேஸ்வரி. "அவன் சரடத் தூக்குனதுதான் தெரியும். பொறவு கண்ணு நெறஞ்சுபோச்சு. எல்லாம் ஒரே மஞ்சளாத் தெரிஞ்சது. தொடைச்சிட்டுப் பாக்கும்போது எல்லாம் முடிஞ்சிட்டு."

மானிட்டரில் இருந்த தன் முகத்தை மறுபடி ஒரு தரம் பார்த்தாள்.

"அழிச்சிரு" என்றாள்.

"யக்கா..."

"அழிச்சிருலே. இருளம்மா மதினி கேட்டாவல்ல. அவிய மனசுல அது கெடந்து உருளும். புள்ள அங்க பனியில நிக்கான். அவன் தாலி கட்டுன படத்துல அவன் இல்ல, அவன் பொண்டாட்டி இல்ல, அறுத்தவ மொகம் மட்டும் பளிச்சுனு நிக்கி. எனக்கே நடுங்குதே."

"அதெல்லாம் ஒன்னும் இல்லக்கா. மிஷினுக்கு என்ன தெரியும்? வச்ச தூரத்துல எது இருந்துச்சோ அதக் காட்டுது."

"ஒனக்கு அது மிஷினு. எனக்கு அது புள்ள. பாண்டிதுரை மேல ஆணை, எனக்கு முன்னால அழி."

ஹெப்சிபா குறுக்கே பேசினாள். "அம்மா, உங்கள மட்டும் பூசிவிட்டுரட்டுமா? பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி தெரியும். முழுசா அழிக்க வேண்டாமே."

"பூசுனா நானா இல்லாமப் போயிருவேனா? எனக்குத் தெரியும்ல, நான்தான்னு."

மகன் தலைமேல் ஆணை வைத்த பிறகு வேல்பாண்டி என்ன செய்வான்? கேமராவை எடுத்தான். மெமரி கார்டைப் போட்டான். குப்பைத்தொட்டி போட்ட பட்டனை அமுக்கினான். நிச்சயம்தானா என்று கேமரா கேட்டது. அக்காள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு படமாக அவள் முகம் வந்தது, போயிற்று. கம்ப்யூட்டரில் இருந்ததை ஹெப்சிபா அழித்தாள். முடிந்ததும் வெங்கடேஸ்வரி மூச்சை விட்டு, "சாப்பிடு. கருவாட்டுக் கொழம்பு" என்று தூக்குவாளியை நகர்த்தினாள்.

ஆல்பம் போயிற்று. தாலிப் பக்கத்தில், கட்டி முடித்த பிறகு ஆனந்தவல்லி தாலியைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கிற படத்தைப் பெரிதாகப் போட்டு ஒப்பேற்றினார்கள். பின்னால் எல்லாம் பூசின மாதிரி மங்கலாக இருந்தது. பெண்ணுக்குத் திருப்திதான். ஒருவேளை அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கலாம், கேட்கவில்லை.

அந்த ஆல்பத்தை ஆனந்தவல்லி பக்கம் பக்கமாக ஃபோனில் எடுத்துப் புருஷனுக்கு அனுப்பியிருக்கிறாள். சிக்னல் கிடைக்கிற இடத்துக்கு இறங்கிவந்த ஒரு நாளில் பாண்டிதுரை மாமனைக் கூப்பிட்டான். அங்கே காற்று அடிப்பது இங்கே கேட்டது.

"மாமா, ஆல்பம் பாத்தேன். ஒங்க கைவேலை சூப்பரு. ஒன்னு மட்டும் கேக்கணும்."

"கேளுய்யா."

"அம்மாவ எங்க? ஒரு படத்துலகூட இல்லையே. மொத்த ஆல்பமும் பாத்துட்டேன். பந்தியில ஒன்னுல வாளி தூக்குன கையி மட்டும் தெரியுது, வளையல் இல்லாத கையி, அது அம்மாதான்னு நெனைக்கேன்."

வேல்பாண்டி ஃபோனை மறுகாதுக்கு மாற்றினான்.

"நான் தாலி கட்டுறப்ப பின்னால யாரோ வந்து நின்னாப்ல இருந்துச்சு மாமா. மூச்சு சத்தம் கேட்டுச்சு. அம்மாவா இருக்கும்னு தோணுச்சு, திரும்பிப் பாக்க முடியல. அது எங்கயாவது விழுந்திருக்கான்னு பாருங்களேன். இங்க பசங்க எல்லாம் அவங்கவங்க அம்மா படத்தச் செவுத்துல ஒட்டியிருக்காங்க."

"பாக்கேன்யா" என்றான் வேல்பாண்டி. "பாத்து அனுப்புதேன்."

அழித்த கார்டிலிருந்து மீட்டெடுக்கிற வித்தை ஒன்று இருக்கிறது என்று ஹெப்சிபா சொன்னாள். கார்டைப் போட்டுப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அந்தக் கார்டில் வேல்பாண்டி வரிசையாக எத்தனையோ விசேஷங்கள் எடுத்திருந்தான். அந்த இடத்தில் யாருடைய வீட்டுக் காதுகுத்தோ வந்து நின்றது.

ஞாயிற்றுக்கிழமை கேமராவை எடுத்துக்கொண்டு சோழபுரம் போனான். அக்காளை வாசலில் நிற்கச் சொன்னான். எதுக்கு என்றாள். பாண்டிதுரை கேட்டான் என்றதும் உள்ளே போய் முகம் கழுவி, அந்த வெளுத்த நீலச்சேலையையே கட்டிக்கொண்டு வந்தாள். வெள்ளையடித்த சுவருக்கு முன்னால் நின்றாள். ஆட்டோவில் போட்டுப் பட்டனைப் பாதி அமுக்கினான். ஒரு பீப்பில் பிடித்துக்கொண்டது. பூ இல்லை, அரிசி இல்லை, குறுக்கே ஒருவரும் இல்லை.

படம் பளிச்சென்று விழுந்தது. புருவம், அம்மைத் தழும்பு, இமை, எல்லாம் அதே தெளிவு. ஆனால் உதட்டை இறுக்கிக்கொண்டு, ஆதார் கார்டுக்கு நிற்கிறவள் மாதிரி நின்றிருந்தாள்.

"செத்த சிரியேன்க்கா."

"சிரிச்சுக்கிட்டுத்தான நிக்கேன்."

"பாண்டிதுரைய நெனச்சுக்கிட்டு நில்லு."

"அவன நெனைக்காம எப்பல நின்னேன்?"

வளையத்தை மேனுவலில் திருப்பியும் எடுத்தான். பக்கவாட்டில், உட்காரவைத்து, நடக்கவைத்து, எல்லா விதமாகவும் எடுத்தான். எதிலும் அந்த வாய் திறக்கவில்லை. கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பினான்.

சாயங்காலம் பதில் வந்தது. எழுத்தில் இல்லை, குரலில். வேல்பாண்டி கடை வாசலில் நின்று காதில் வைத்துக் கேட்டான்.

"கெடச்சது மாமா. ரொம்பத் தெளிவா இருக்கு. பசங்ககிட்ட காட்டுனேன். ஆனா அம்மா ஏன் மாமா இவ்வளவு வெறப்பா நிக்கி? கல்யாணத்தன்னைக்கு எடுத்தது ஒன்னுகூட இல்லையா?"

ஃபோன் திரை அணைந்தது. அவன் மறுபடி தொட்டு, மறுபடி கேட்டான். பதில் பேசுகிற இடத்தில் விரலை வைத்து அமுக்கிக்கொண்டு நின்றான். ரோட்டில் பஸ் போகிற சத்தம்தான் பதிவாயிற்று. விரலை எடுத்தான். அந்தச் சத்தம் அப்படியே எல்லைக்குப் போய்ச் சேர்ந்தது.